ராணிகஞ்சில் உயிர்பெறும் புல்லட்

செகந்திராபாத் ராணிகஞ்சில் நட்டு நட்டாகச் சேர்த்தே ஒரு பழைய புல்லட்டை உருவாக்கிவிடலாம் என்பார்கள். மிகைதான், ஆனால் பெரிய மிகை அல்ல. மோட்டார் உதிரிபாகம், இயந்திரக் கருவி, இரும்புச் சாமான் விற்கும் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் வட்டாரம் இது.

1806-ல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் எழுந்த ராணுவக் குடியிருப்புதான் இந்த ஊர். ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. 1943-ல் தொடங்கிய பிராகா டூல்ஸ் லேத் சக்குகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. இப்படிப்பட்ட ஊரில் மோட்டார் சைக்கிள் பைத்தியம் முளைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

புல்லட்டோ நம்மூர்க்காரன். 1955-ல் உருவான என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் தயாரித்த வண்டி. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. எளிய எஞ்சின் என்பதால், முதன்முறை ஸ்பேனர் பிடிப்பவருக்கும் துணிச்சல் வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது அப்பா ஓட்டிய வண்டியாக வேறு இருக்கும்.

துணிச்சலுக்கு முதல் அடி, வலப்பக்க மூடியைக் கழற்றியதும் விழுகிறது. எண்ணெய் பம்பைச் சுழற்றும் வார்ம் நட்டு, இடது மரை கொண்டது. வழக்கம்போல் திருகிக் கழற்ற முயன்றால் இன்னும் இறுகும். பலம் காட்டினால் மரை போகும். அடுத்தது கிராங்க்கேஸ். இரண்டு அலுமினியப் பாதிகளுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால், அந்தத் தழும்பு வழியாக ஆயுள் முழுக்க எண்ணெய் கசியும். கிராங்க்கேஸ் உடைந்தால் கதையே வேறு. எஞ்சின் எண் பொறித்திருப்பது அதில்தான். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, 50 வயது தாண்டிய வண்டி விண்டேஜ் பதிவு பெற அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. ஒரு சுத்தியல் அடி காகிதத்தையும் பாதிக்கலாம்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அது எந்தப் பட்டறைக்கும் பழகிய வேலை. பிக் எண்டு அப்படியல்ல. பழைய புல்லட்டில் அங்கே ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். அது எண்ணெய்ப் படலத்தை நம்பியே வாழ்கிறது. ஃபிளைவீல் இரண்டையும் மறுபடி கோத்த பின், லேத்தில் பூட்டி டயல் கேஜ் வைத்து நேராக்க வேண்டும். இதைத் தானே செய்து பார்க்கலாம் என்று புதியவர் நினைப்பது வீண் வீம்பு. கையில் தழும்பேறிய கிழட்டு மிஸ்திரியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதே புத்திசாலித்தனம்.

மூடியைப் பூட்டும்போது, கிராங்க் முனைக்கு எண்ணெய் செல்லும் வழியில் உள்ள சிறிய கார்க் சீலை மறந்துவிடக் கூடாது. மற்றவற்றோடு ஒப்பிட்டால் அற்ப விலைதான். ஆனால் அது இல்லாவிட்டால் பிக் எண்டுக்குப் போக வேண்டிய எண்ணெய் வழியிலேயே நழுவிவிடும். புதுப் புஷ் எரிந்துபோகும்.

பிறகு கிக்கர். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி, ஓங்கி ஓர் உதை. ஓடத் தொடங்கியதும் ராக்கருக்கு எண்ணெய் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால், திருமலகிரிப் பக்கத்துக் கண்டோன்மெண்ட் சாலைகளுக்கு அதிகாலையில் கிளம்பலாம். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல்.