சங்கோசக்காரரும் வீட்டு உத்தியோகமும்

வீட்டிலிருந்தபடியே பார்க்கும் உத்தியோகம் சங்கோசக்காரர்களுக்குச் சொர்க்கம் என்று பலர் சொல்கிறார்கள். நாமும் அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவராதலால், இதில் அபிப்பிராயம் சொல்லச் சற்று உரிமை உண்டு. அவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை.

காரியாலயத்தில் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பவனையும் நாலு பேர் கண்ணால் பார்க்கிறார்கள். மேஜைமேல் குனிந்த தலையும் மாலையில் கடைசியாக அணையும் விளக்கும் அவனுக்காகச் சாட்சி சொல்லும். வீட்டிலோ, பேசாதவன் இல்லாதவனுக்குச் சமானம். காமிராவை அணைத்து மைக்கையும் மூடிவிட்டால், திரையில் மிஞ்சுவது பெயரின் முதலெழுத்து மட்டுமே. முதலெழுத்துக்கு யார் சம்பள உயர்வு கொடுப்பார்கள்?

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாத ஊரடங்குக்குப் பிறகு, நாம் இரவு பகலாக உழைத்து முடித்த ஒரு காரியத்தைப் பற்றிக் கூட்டத்தில் வேறொருவர் இரண்டு நிமிஷம் சரளமாகப் பேசினார். பாராட்டு அவரைச் சேர்ந்தது. அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. வேலை செய்த கை யாருடையது என்பது ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இத்தகைய சமயங்களில் நம் தேசத்தின் தலைசிறந்த சங்கோசக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வது வழக்கம். 1888 முதல் 1891 வரை லண்டனில் சட்டம் படித்த மோகன்தாஸ் காந்தி, அங்கே சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியில் அங்கத்தினராயிருந்தார். கூட்டங்களில் அவர் வாய் திறப்பதில்லை. டாக்டர் அல்லின்ஸன் என்பவரை விலக்கவேண்டும் என்ற பிரேரணை வந்தபோது, அது அநீதி என்று அவருக்குத் தோன்றிற்று. தம் கருத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். அதைப் படிக்கக்கூட நா எழவில்லை, வேறொருவர் படித்தார். அவருடைய கட்சி தோற்றது. ஆனால் கருத்து சபையேறிவிட்டது!

பிறகு பம்பாய்க் கோர்ட்டில் முதல் வழக்கிலேயே, எழுந்து நின்று ஒரு கேள்வியும் கேட்க இயலாமல் உட்கார்ந்துவிட்டார். அதே மனிதர் 1893-இல் பிரிட்டோரியா நகரில் இந்திய வியாபாரிகளைக் கூட்டி, வியாபாரத்தில் சத்தியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சுபாவம் ஒரே நாளில் மாறிவிட்டதா? இல்லை. விஷயத்தை முன்னதாகவே தயார் செய்துகொண்டு போனார். எதிரே இருந்தவர்களின் நன்மையைக் கருதிப் பேசினார்.

எழுத்து, முன்னேற்பாடு என்ற இந்த இரண்டும் வீட்டு உத்தியோகத்துக்கு வெகு பொருத்தம். கூட்டத்துக்கு முதல் நாளே நாம் மூன்று வரி எழுதித் தலைவருக்கு அனுப்பிவிடுகிறோம்: முடிந்தது என்ன, தடைப்பட்டது எது, தேவைப்படுவது யாது. கூட்டம் தொடங்கி ஐந்து நிமிஷத்துக்குள் அவற்றில் ஒன்றையாவது வாயால் சொல்லிவிடுகிறோம். நேரம் ஆக ஆக மௌனம் இறுகிப் போகும் அல்லவா? வாரம் ஒருமுறை சக ஊழியர் ஒருவரோடு தனியே சம்பாஷிக்கிறோம். நூறு பேர் முன்னால் ஒட்டிக்கொள்ளும் நாக்கு, ஒருவரிடம் தாராளமாகப் புரளுகிறது. அந்த ஒருவர் பெரிய கூட்டத்தில் இருக்கும்போது, அது அந்நியர் கூட்டமாகத் தோன்றுவதுமில்லை.

முதல் வாக்கியத்தில் குரல் இன்றும் சற்று நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டாவது வாக்கியம் வந்துவிடுகிறது. தைரியம் என்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது வாக்கியந்தான்.

குடும்பத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு உள்ளறையில் ஒரு சாதுப் பெண்ணோ பிள்ளையோ உத்தியோகம் பார்க்கக்கூடும். மூடிய கதவுக்குப் பின்னால் திடீரென்று பேச்சுக் குரல் கேட்டால், "யாரோடு இத்தனை வாயாடல்?" என்று பரிகாசம் செய்யாதீர்கள். மிக்ஸியைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். உள்ளே ஒருவர், வெகு பிரயாசைப்பட்டு, இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.