காஸ் முடியிறதில்லை, ஒழுகுது

"ஏசி குளிரேல்லை, காஸ் முடிஞ்சுது போல." ஏ9 வீதியில் வான் ஓடுற எங்கட பெடியள் வெயில் ஏறினால் சொல்லுற கதை இது. கராஜிலும் உடனே காஸ் அடிச்சு விடுவினம். இரண்டு கிழமையில் பழையபடி வெக்கை. காசும் போச்சு.

காஸ் பெற்றோல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்லை. மூடின குழாய்க்குள் சுத்திக்கொண்டே இருக்கும். கெதியாகக் குறையுது என்றால் எங்கேயோ ஒழுக்கு.

அதைக் கண்டுபிடிக்க வன்னிப் புழுதியே உதவும். காஸோடு எண்ணெயும் சுத்துவதால், ஒழுகுற மூட்டில் பிசுக்கு வந்து புழுதி அப்பியிருக்கும். கிறவல் ரோட்டில் கல்லடி வாங்குற முன்பக்கக் கண்டன்சரையும் பாருங்கோ. சந்தேகம் என்றால் நைதரசன் அடைத்து, சவர்க்கார நுரை பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். காய்ந்துபோன ரப்பர் வளையம்தான் காரணம் என்றால் சாமான் செலவு சொற்பம். திருத்திய பிறகு வெற்றிடப் பம்பியால் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்து, காஸைத் தராசில் நிறுத்து அடைக்க வேணும்.

இது எங்கட பொக்கற்றோடு முடியிற விசயமும் இல்லை. கன வாகனங்களில் இருக்கிற ஆர்-134ஏ ஓசோனைத் துளைக்காது. ஆனால் ஒரு கிலோ வெளியேறினால், 100 வருசக் கணக்கில் 1430 கிலோ காபனீரொட்சைட்டு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். 2016இல் கிகாலித் திருத்தத்தில் உலக நாடுகள் இந்த வகைக் காஸ்களைக் குறைக்க ஒத்துக்கொண்டதும் அதனாலதான். குளம் வத்தினால் வயல் காயிற ஊர் எங்கடது. வெக்கை கூடினால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே வானைக் கராஜுக்குள் விட்டதும் எங்கட முதல் கேள்வி இதாக இருக்கட்டும்: "அண்ணை, ஒழுக்கு எங்க எண்டு பாத்தாச்சோ?"