அமீனாவின் கையெழுத்து

நீதிபதியின் முகத்தைப் பார்க்காமலே ஆயுளைக் கழித்தவர்கள் நம்மில் ஏராளம். கடன் வழக்கில் மாட்டிக்கொண்டவர்களில் அமீனாவின் முகத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. தீர்ப்பு நீதிமன்றத்தில் வாசிக்கப்படும்போது வெறும் பேச்சுதான். அமீனா வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, தோள்பையிலிருந்து வாரண்டை எடுக்கும்போதுதான் அது வீட்டுக்குள் வருகிறது. ‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும்’ என்று நம்மவர்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான். அதை எப்போதும் குறையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அரசு என்கிற யந்திரம் எப்படி ஓடுகிறது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

என் தாய்மாமா ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். பள்ளி விடுமுறையில் அவரோடு முன்சீப் கோர்ட்டுக்குப் போவேன். கேஸ் கட்டுகளைத் தூக்கிவருவது என் வேலை. நாசர் அறை, பெஞ்சு கிளார்க் மேசை, நகல் வாங்கும் ஜன்னல் என்று அவருடைய உலகம் முழுக்கச் சின்ன உத்தியோகஸ்தர்களால் ஆனது. “ஐயா இன்னிக்கு எந்த மனநிலையில இருக்கார்னு டபேதார் முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுடும், மாப்ளே. வக்கீலுக்கே அதுக்கப்புறம்தான் தெரியும்” என்பார். டபேதார் தோளில் டவாலி குறுக்கே கிடக்கும். அதில் பித்தளை வில்லை மின்னும். வாசலுக்கு வந்து அவர் கட்சிக்காரரின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். வேப்பமரத்தடியில் அசந்து உட்கார்ந்திருப்பவர் காதில் அது விழாவிட்டால் வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும். ஒரு மனிதருடைய நிலமோ வீடோ போவதும் நிற்பதும் இன்னொரு மனிதருடைய தொண்டையில் இருந்தது.

ஒருமுறை ஒரு தையற்காரர் வீட்டு ஜப்திக்கு மாமாவோடு நானும் போனேன். வாதியின் ஆள் நேரே போய்த் தையல் மிஷின்மேல் கை வைத்தான். அந்த வீட்டில் விலைபோகக்கூடிய பொருள் அது ஒன்றுதான். அமீனா தலை நிமிராமலே, “அது தொழில் சாமான். தொடக் கூடாது” என்றார். பிறகு சமையல் பாத்திரங்களை எண்ணாமல் கடந்தார். மரப் பீரோ, சுவர்க் கடிகாரம், சைக்கிள் மூன்றையும் எழுதிக்கொண்டார். வாதியின் ஆள் வாங்கிவந்த காபியையும் குடிக்கவில்லை, அந்த வீட்டம்மா நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தார்.

அன்று அதை அவருடைய சுபாவம் என்று நினைத்தேன். பாதி சுபாவம், பாதி சட்டம் என்று பின்னால் தெரிந்தது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், உழவரின் ஏர் மாடு, விதை நெல், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. 62ஆம் பிரிவு, பொழுது அடைந்த பிறகும் விடிவதற்கு முன்பும் வீட்டுக்குள் நுழையாதே என்கிறது. சட்டம் இயற்றியவர்களுக்கு அந்தத் தையற்காரரைத் தெரியாது. அவர் வீட்டு வாசலில் அந்தச் சட்டத்துக்கு உருவம் கொடுத்தவர் சம்பளத்தில் அடிமட்டத்தில் இருந்த அமீனாதான்.

எல்லா அமீனாவும் அப்படி இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே, ‘வீடு பூட்டியிருந்தது, சம்மனைக் கதவில் ஒட்டிச் சார்பு செய்தேன்’ என்று எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. யாரோ கொடுத்த பத்து ரூபாய்க்கு இன்னொருவர் வீடு ஏலத்துக்குப் போகும். இதற்காகவே சட்டம் இன்னொரு விதியையும் வைத்திருக்கிறது. சம்மனைக் கதவில் ஒட்டியதாகச் சொல்பவர் எந்த நேரத்தில், எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், ஒட்டும்போது உடனிருந்தவர் யார் என்று எழுதித் தர வேண்டும். அதை அவர் பிரமாணப் பத்திரமாகத் தராவிட்டால், நீதிமன்றம் அவரையே கூண்டில் ஏற்றிச் சத்தியத்தின்பேரில் விசாரிக்க வேண்டும். சின்னவர் கையில்தான் பெரிய புரட்டு நடக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி அது.

இந்த விவேகம் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது அல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவருக்கு முன் நின்றால் இது விளங்கும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட அந்தச் சாசனங்களைக் குடவோலைக்காகத்தான் எல்லோரும் புகழ்கிறோம். தேர்தலில் நிற்க என்ன தகுதி, யார் நிற்கக் கூடாது என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. என்னை அங்கே நிறுத்துபவர் மத்தியஸ்தர் என்கிற ஊர்ச்சபை ஊழியர். குடத்தில் என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலை ஒன்றை எடுத்துத் தருவான். மத்தியஸ்தர் அதை வாங்கிப் படிக்க வேண்டும். வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையிலே ஏற்க வேண்டும் என்கிறது சாசனம். அவர் படித்த பிறகு அங்கிருக்கும் பூசகர்களான நம்பிமார் எல்லோரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும்.

விரல் மடங்கினால் அதற்குள் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கலாம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு கிராம சபை உறுப்பினருடைய அதிகாரத்துக்கு மட்டும் வரம்பு வைக்கவில்லை. ஓலை வாங்கிப் படிக்கும் ஊழியரின் ஐந்து விரல்களுக்கும் வரம்பு வைத்தது. அதே ஊரில் கணக்கர் கணக்கு ஒப்புவிக்கும்போது பழுக்கக் காய்ச்சிய மழுவை ஏந்த வேண்டியிருந்தது. இரும்பைக் கொண்டு உண்மையைச் சோதிப்பதை இன்று யாரும் ஏற்க மாட்டோம். ஆனால் யாரைச் சோதிக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

சோழர் செய்த இன்னொரு காரியம் எனக்கு இதைவிடப் பிடித்தது. அவர்கள் சின்னவர்களின் பெயரை எழுதி வைத்தார்கள். லைடன் செப்பேடுகள் என்று அறியப்படும் ஆனைமங்கலச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் 1006 வாக்கில் ஓர் ஊரையே கொடுத்த ஆவணம் அது. கொடுத்தவன் அரசன், அவன் வாயால் சொன்னான், அவ்வளவுதான். சொன்னதை ஓலையில் எழுதியவர் விளத்தூரைச் சேர்ந்த அமுதன் தீர்த்தகரன் என்று செப்பேட்டிலேயே இருக்கிறது. அவருக்குப் பின்னால் ஓலையை ஒப்புப் பார்த்தவர்கள், வரிக்கணக்கில் ஏற்றியவர்கள் என்று ஒரு நீண்ட வரிசை. அப்புறம் ஊர் எல்லையில் பெண் யானையை நடத்தி, அது சுற்றிவந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். கடாரத்து அரசன் எழுப்பிய அந்த விகாரத்துக்குச் சோழ மன்னன் செய்த தானம், கடைசியில் ஒரு யானைப்பாகனும் கள்ளிக்கன்று நட்ட ஓர் ஆளும் வந்த பிறகுதான் வயலில் இறங்கியது.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் அப்படித்தான். நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைக் கல்லில் வெட்டியவர்கள் அத்தோடு நிற்கவில்லை. கணக்கர், குடை பிடிப்பவர், விளக்கு ஏற்றுபவர், வண்ணார், தையற்காரர் என்று யாருக்கு எத்தனை பங்கு நெல் என்பதையும் எழுதினார்கள். நாவிதருக்கு ‘இராசராசப் பெருநாவிசன்’ என்று மன்னன் பெயரையே பட்டமாகக் கொடுத்தார்கள். பெயரைக் கல்லில் வெட்டுவது மரியாதை மட்டுமல்ல, பொறுப்பும்தான். வேலை கெட்டால் யாரைக் கேட்பது என்று அந்தச் சுவரே சொல்லிவிடும்.

அருகில் நிற்பவருக்கு அதிகாரம் எப்படிச் சுரக்கிறது என்பதற்கும் நம் சரித்திரத்தில் சான்று உண்டு. தஞ்சையில் 1532 வாக்கில் நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிய செவ்வப்ப நாயக்கர், விஜயநகர அரசர் அச்சுததேவராயருக்கு அடைப்பம் ஏந்தியவர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அடைப்பம் என்றால் வெற்றிலைப் பை. வெற்றிலை மடித்துக் கொடுப்பவர் அரசனின் வாய்க்கு அருகிலும் இருக்கிறார், காதுக்கு அருகிலும் இருக்கிறார். வள்ளுவர் ‘மன்னரைச் சேர்ந்தொழுதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்து, பெரியவர் முன்னிலையில் அடுத்தவர் காதில் கிசுகிசுப்பதையும் ஒருவரோடொருவர் சேர்ந்து சிரிப்பதையும் விலக்கச் சொன்னார். அருகாமையின் லாபமும் ஆபத்தும் தெரிந்தவர் அவர்.

ஊர் அளவில் இந்த அருகாமையை நம் தாத்தாக்கள் கர்ணத்திடம் பார்த்தார்கள். மணியக்காரர் வரி வசூலிப்பார், தலையாரி காவல் இருப்பார், நிலக் கணக்கு கர்ணத்தின் கையில் இருக்கும். கலெக்டர் ஜமாபந்திக்கு வந்தாலும் கர்ணம் காட்டும் கணக்கைத்தான் பார்க்க முடியும். யார் அனுபவத்தில் எந்த நிலம் என்பதை அவருடைய பேனா தீர்மானித்தது. வழிவழியாக ஒரே குடும்பத்தில் கணக்கு தங்கியதால் தட்டிக் கேட்க ஆளில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் அந்த முடிவு நிலைத்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பதவி மாறியது, கணக்கை எழுதுகிற கை எப்போதும்போல ஊரின் நடுவில்தான் இருக்கிறது.

ஆகவே ஓர் ஆட்சியை எடைபோட அதன் அரசனையோ முதலமைச்சரையோ தலைமை நீதிபதியையோ மட்டும் பார்ப்பது போதாது என்று நினைக்கிறேன். வாசலில் வந்து நிற்கும் கடைசி ஊழியருக்கு அது என்ன சம்பளம் கொடுத்தது, என்ன விதி வைத்தது, அவர் பெயரை எங்கே எழுதியது என்று பார்க்க வேண்டும். அவரை மிதித்தால் அவர் மக்களை மிதிப்பார். அவரைக் கேள்வி கேட்காமல் விட்டால் அவரே அரசனாகிவிடுவார். இந்த இரண்டையும் தவிர்க்கத் தெரிந்த ஆட்சிதான் நல்லாட்சி.

நம் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுக்குச் சம்மன் வந்தால் பயந்து கதவைச் சாத்தாதீர்கள். கொண்டுவந்தவர்மேல் கோபத்தைக் காட்டாதீர்கள், வழக்கு அவருடையது அல்ல. வாங்கிக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும்போது பக்கத்திலேயே தேதியையும் நேரத்தையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.