பழைய சாலை வழியே ஸ்காட்லாந்து

ரவாங்கிலிருந்து ஈப்போவுக்கு நெடுஞ்சாலையைப் பிடித்தால் இரண்டு மணி நேரம். பழைய சாலையில் போனால் அரை நாள் போய்விடும். செராண்டா, பத்தாங் காலி, தஞ்சோங் மாலிம், பீடோர் என்று ஊருக்கு ஊர் சிவப்பு விளக்கில் நின்று, செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். எங்களுக்கு அவசரமில்லை. ஒரு தம்பதி ஸ்காட்லாந்தின் குறுகிய சாலைகளில் கார் ஓட்டி, படகேறித் தீவு தீவாக இறங்குவதை என் மனைவி யூடியூப்பில் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நாமளும் போலாமாங்க?" என்றாள். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு, "மொதல்ல அந்த ஊர்க்காரன் இங்க வந்து என்ன செஞ்சான்னு பாத்துட்டு வருவோம்" என்றேன். கஞ்சத்தனத்துக்கு ஒரு சாக்குதான். ஆனால் பொய்யில்லை.

ஸ்காட்லாந்து பத்தாங் காலியிலேயே தொடங்கிவிட்டது. 1948 டிசம்பரில் இந்த ஊருக்கு அருகே ஒரு கித்தாத் தோட்டத்தில், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவின் சிப்பாய்கள் கையில் ஆயுதமே இல்லாத 24 சீனர்களைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோடப் பார்த்தார்கள், அதனால் சுட்டோம் என்பது அரசாங்கத்தின் விளக்கம். குடும்பத்தார் விசாரணை கேட்டு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015இல் அதுவும் கைவிரித்துவிட்டது.

சிலிம் ரிவரைத் தாண்டினால் துரோலாக். 1942 ஜனவரி 7ஆம் தேதி, பொழுது விடியுமுன்பே ஜப்பானிய டாங்கிகள் இதே சாலையில் இறங்கி வந்தன. தடுத்து நின்றவர்களில் ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படையும் இருந்தது. பக்கத்திலேயே பஞ்சாப், ஹைதராபாத் படைகளின் இந்தியச் சிப்பாய்கள். அவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது. "ஒரே ரோட்டுல சாகடிச்சதும் அவன்தான், செத்ததும் அவன்தான்" என்றாள் மனைவி. பீடோரில் தே தாரிக் குடிக்கும்வரை அதற்குமேல் பேசவில்லை.

கோப்பெங்கில் இடப்பக்கம் திரும்பி பத்து காஜா சாலையில் போனால், சிற்றாற்றுக்கு அப்பால் மேட்டின்மேல் கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்தின் மோரே வட்டாரத்தில் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித் 20 வயதில் மலாயாவுக்கு வந்தவர். காடு வெட்டும் குத்தகையில் காசு பார்த்தார். பிறகு கித்தா போட்டார். தோட்டத்துக்குச் சொந்த ஊர் நினைவாகக் கின்டா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். 1915இல் மகன் பிறந்த பிறகு இந்த மாளிகையைத் தொடங்கினார். வளைவு வளைவாகத் தாழ்வாரம், ஒரு கோபுரம், அதற்குள் மின்தூக்கி என்று பெரிய திட்டம். செங்கல்லும் கொத்தனார்களும் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்தார்கள். 70 பேர் என்கிறார்கள். 1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு ஸ்மித் இறந்தார். வேலை பாதியில் நின்றது. மனைவி ஆக்னஸ் சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டுக்கு விற்றுவிட்டார்.

சுற்றுலா வருகிறவர்கள் இங்கே பேய் தேடுகிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. பூசாத செங்கல் சுவரை நெருங்கிப் பார்த்தால் போதும், எந்தக் கை எங்கே விட்டது என்று தெரிகிறது. ஒரு ஜன்னல் வளைவில் கல் வரிசை கச்சிதமாக ஏறி, உச்சியில் மட்டும் சுண்ணாம்பு பிதுங்கி அப்படியே காய்ந்திருந்தது. வழித்துவிட யாரும் வரவில்லை. மனைவி முன்படிக்கட்டின் நடுவில் ஏறினாள். "எங்க பாட்டி தோட்டத்துல தொரையப் பாத்தா சைக்கிள விட்டு எறங்கித்தான் நிக்கணும்" என்றாள். அவள் பாட்டி பால்மரம் வெட்டியவர். லயத்தில் பிறந்து லயத்திலேயே போய்ச் சேர்ந்தவர்.

நாங்கள் வந்தது கோட்டைக்காக அல்ல. சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயிலுக்காக. கட்டுமான வேலை நடந்த காலத்தில் விஷக்காய்ச்சல் பரவி ஆட்கள் செத்து விழுந்தார்கள். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் உலகையே அலைக்கழித்த ஸ்பானிஷ் ஃப்ளூ. அம்மனுக்குக் கோயில் கட்டித் தாருங்கள் என்று தொழிலாளர்கள் கேட்க, ஸ்மித் கட்டிக்கொடுத்தார். கூரைமேல் சாமிச் சுதைகளின் வரிசையில் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். அவர்தான்.

இதைப் பக்தி என்றும் விசுவாசம் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதுரைப் புதுமண்டபத்துத் தூணில் திருமலை நாயக்கர் மனைவியரோடு கைகூப்பி நிற்கிறார். காசு கொடுத்தவரைச் சாமிக்குப் பக்கத்தில் நிறுத்துவது நம் சிற்பிகளின் பழைய வழக்கம். கடல் தாண்டி வந்த கொத்தனாருக்குக் கொடையாளி நாயக்கராக இருந்தாலென்ன, துரையாக இருந்தாலென்ன. வேட்டிக்குப் பதில் கால்சட்டை, அவ்வளவுதான். காய்ச்சலில் போன கொத்தனாருக்குத்தான் அங்கே உருவம் இல்லை. அதற்குத் துரையை மட்டும் குறை சொல்ல முடியாது. நாங்கள் ரவாங்கில் போகும் கோயிலின் உபயப் பலகையிலும் விளக்கு கொடுத்தவர் பெயர் இருக்கிறது, ஒயர் இழுத்தவர் பெயர் இல்லை.

தீவு இல்லாமல் அவள் விடமாட்டாள் என்பதால் லுமுட்டில் காரை நிறுத்திவிட்டு பங்கோருக்குப் படகேறினோம். இந்தத் தீவுக் கரையருகே புளூட்டோ என்ற கப்பலில், 1874 ஜனவரி 20ஆம் தேதி போட்ட ஒப்பந்தத்தால்தான் பேராக்கில் வெள்ளைக்காரன் கால் ஊன்றினான். அது நடக்காமல் ஸ்மித்துக்குப் பத்து காஜாவில் காடு கிடைத்திருக்காது. இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, அவள் இளஞ்சிவப்பு வேன்காரரிடம் வாடகை பேசி முடித்து, நெத்திலிக் கருவாடு விற்கும் கடைக்கு வண்டியை விடச் சொல்லிவிட்டாள்.

திரும்பும் படகில் கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்த எழுபது பேரோட பேரு எங்கயாச்சும் இருக்குமா?"

"கல்லறையிலகூட இருக்காது" என்றேன்.

"செக்ரோல்ல இருக்கும்" என்றாள். "ஒரு நாள் வேலைக்கு வரலன்னா சம்பளம் புடிக்கணுமில்ல, பேரு எழுதாம எப்படிப் புடிப்பான்?"