நெவில் பையில் வைத்துக்கொண்ட காகிதம்

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், சில ஸ்டோரிகளை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. அவையே வந்து தலையில் விழும். ஹாரி பாட்டர் கதையை எச்.பி.ஓ. முதலிலிருந்து தொடராக எடுக்கப்போகிறது என்று 2023 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2025-ல் ஷூட்டிங் தொடங்கிய செய்தி வந்த வாரம், எனக்கு விழுந்தது இது: 'புத்தகத்தில் உண்டு, படத்தில் இல்லை: 10 காட்சிகள்!' மாலை ஆறு மணிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும்.

எனக்கு இது அல்வா சாப்பிடுகிற வேலை. பள்ளியில் படிக்கும்போது தமிழ் டப்பிங்கில் டி.வி-யில் பார்த்த படங்கள், டிப்ளமோ படிக்கும்போது ஹாஸ்டலில் ராத்திரி ராத்திரியாகப் படித்துத் தீர்த்த ஏழு புத்தகங்கள். கூகுள் பக்கமே போகாமல் எழுத ஆரம்பித்தேன்.

முதலில் பீவ்ஸ். பள்ளிக்கூடத்தையே ரகளை செய்யும் அந்தக் குறும்புப் பேய், எட்டுப் படங்களில் ஒன்றில்கூட இல்லை. இத்தனைக்கும் முதல் படத்துக்காக ரிக் மாயல் என்ற நடிகரை வைத்துக் காட்சிகளைப் படமாக்கிவிட்டு, பிறகு வெட்டினார்கள். அடுத்து, வீட்டு வேலைக் குட்டிச்சாத்தான்களுக்காக ஹெர்மயனி ஆரம்பிக்கும் சங்கம். அடுத்து விங்கி. விரல்கள் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன. ஏழாவதுக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

ஐந்தாவது புத்தகத்தில் வருகிற காட்சி அது. கிறிஸ்துமஸ் விடுமுறை. செயின்ட் மங்கோஸ் என்ற மந்திர மருத்துவமனைக்கு ரானின் அப்பாவைப் பார்க்கப் போகும் ஹாரியும் நண்பர்களும், தற்செயலாக ஒரு வார்டுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அங்கே வகுப்புத் தோழன் நெவில், தன் பாட்டியோடு நிற்கிறான். அவனுடைய அப்பா, அம்மா இருவரும் அந்த வார்டில்தான் பல வருடங்களாக இருக்கிறார்கள். பெல்லாட்ரிக்ஸும் அவள் கூட்டமும் செய்த சித்ரவதையில் புத்தி பேதலித்தவர்கள். பெற்ற மகனையே அடையாளம் தெரியாது. அந்த அம்மா மெதுவாக நடந்து வந்து, நெவிலின் கையில் ஒன்றைத் தருகிறாள். பபிள்கம் சுற்றியிருந்த வெறும் காகிதம். பாட்டி அதைக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்கிறார். இதுபோல எத்தனையோ கொடுத்திருக்கிறாளாம். ஆனால், நெவில் அதை யாருக்கும் தெரியாமல் பையில் போட்டுக்கொள்வதை ஹாரி பார்த்துவிடுகிறான்.

அவ்வளவுதான் காட்சி. ஹாஸ்டலில் இதைப் படித்த ராத்திரி, புத்தகத்தை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன்.

சோழவந்தானில் இருந்த எங்கள் அம்மாச்சியை, நான் பிளஸ் ஒன் படிக்கும்போது மதுரைக்கு எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். மறதி நோய். முதலில் சாமான் வைத்த இடம் மறந்தது, அப்புறம் தெரு மறந்தது, அப்புறம் நான். அதற்கு முன்பெல்லாம் அம்மாச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்தால் எனக்குக் காசு நிச்சயம். என்னை மறந்த பிறகும் அந்த முடிச்சை மட்டும் அவர் மறக்கவில்லை. ஒருநாள் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு, முடிச்சை அவிழ்த்து, கையில் ஒன்றைத் திணித்தார். "வச்சுக்கத்தா, பஸ்ஸுக்கு ஆகும்." காலியான மாத்திரை அட்டை. நாலாக மடித்து வைத்திருந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். "வாங்கிக்கிட்டுப் போறப்ப குப்பையில போட்டுரு" என்று அம்மா சைகையோடு மெதுவாகச் சொன்னார். தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு ஓடிப்போய் பஸ் பிடித்தேன். அதன் பிறகும் நிறைய முறை கொடுத்தார். எல்லாவற்றையும் போட்டேன். 2018-ல் அம்மாச்சி இறந்துவிட்டார்.

நெவில் போடவில்லை.

இந்தக் காட்சி படத்தில் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால், பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு அந்தக் கோபத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. 1,200 வார்த்தை எழுதி, 600-ஆக வெட்டித் தரச் சொன்னால் நானும் இதைத்தானே செய்கிறேன்?

கணக்கைப் பாருங்கள். முதல் புத்தகம், இங்கிலாந்துப் பதிப்பில் 223 பக்கம். படம் 152 நிமிடம். ஐந்தாவது புத்தகம் 766 பக்கம், தொடரிலேயே பெரியது. 2007-ல் வந்த படமோ 138 நிமிடம்தான்! கதை மூன்று மடங்குக்கு மேல் பெருக, படம் இளைத்திருக்கிறது. மருத்துவமனை வார்டு, நோயாளிகள், பாட்டி என்று எடுக்கப்போனால் செலவு ஒருபக்கம், நேரம் ஒருபக்கம். அது இல்லாமலும் மெயின் கதை ஓடும். திரைக்கதை எழுதிய மைக்கேல் கோல்டன்பெர்க்கின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் கத்தரியை அங்கேதான் வைத்திருப்பேன்.

இதில் இன்னொரு சங்கடம், அவர்கள் வெட்டியது முடியாத கதையை. முதல் படத்தின் ஷூட்டிங் ஆரம்பித்தபோது வெளியாகியிருந்தவை நான்கே புத்தகங்கள். ஐந்தாவது படத்தின் திரைக்கதையில் க்ரீச்சர் என்ற வேலைக்காரக் குட்டிச்சாத்தானையும் முதலில் தூக்கிவிட்டார்கள். அவன் கடைசிக் கதைக்குத் தேவைப்படுவான் என்று ரௌலிங் எச்சரித்த பிறகே திரும்பச் சேர்த்தார்கள். எந்தச் செங்கல்லை உருவினால் எந்தச் சுவர் சரியும் என்று தெரிந்தவர், அப்போது அவர் ஒருவர்தான். ஆனால், பபிள்கம் காகிதத்தை உருவினால் எந்தச் சுவரும் சரியாது. அதனாலேயே அது போனது.

நெவிலின் சோகத்தை முற்றிலும் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு பழைய போட்டோவைப் பார்த்தபடி, பெற்றோருக்கு நடந்ததை அவனே ஹாரியிடம் சொல்வதாக வைத்தார்கள். மேத்யூ லூயிஸ் நன்றாகவே நடித்திருப்பார். பையன் மீது மரியாதை வருகிறது. ஆனால், அந்த அம்மா போட்டோவோடு நின்றுவிடுகிறார். எழுந்து நடந்து வந்து எதையும் கொடுப்பதில்லை.

இப்படியெல்லாம் பொருமிக்கொண்டிருந்த என்னை மடக்கியதும் ஒரு படம்தான். கடைசிப் புத்தகத்தை இரண்டாகப் பிரித்து எடுத்தார்களே, அதில் 2010-ல் வந்த முதல் பாகம். வால்டெமார்ட்டின் ஆட்களிடமிருந்து காப்பாற்றுவதற்காக, ஹெர்மயனி தன் பெற்றோரின் நினைவிலிருந்து தன்னையே அழித்துவிடுகிறாள். புத்தகத்தில் இது நடந்து முடிந்த விஷயம். ஹாரியிடமும் ரானிடமும் அவள் சில வரிகளில் சொல்வதோடு சரி. படத்திலோ ஆரம்பத்திலேயே கண்ணெதிரே நடக்கிறது. சோபாவில் உட்கார்ந்திருக்கும் அப்பா, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று மந்திரக்கோலை நீட்டுகிறாள். வீட்டிலுள்ள போட்டோக்களில் இருந்து ஒவ்வொன்றாக அவள் உருவம் மறைகிறது. அந்த நொடியில் எம்மா வாட்சனின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கதையிலிருந்து ஒரு மறதியை எடுத்தவர்கள், வேறொரு மறதியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

அம்மாச்சி போன அடுத்த வருஷம், இந்தப் படம் டி.வி-யில் ஓடியபோது அம்மாவும் பக்கத்தில் இருந்தார். முன்கதை எதுவும் தெரியாது. "அந்தப் பொண்ணு போட்டோல இருந்து ஏன்டி மறையுது?" என்று கேட்டார். "இனிமே அவங்களுக்கு இவளை யாருன்னே தெரியாதும்மா" என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனார். நானும் பின்னாடியே போய்ப் பார்த்தேன். அடுப்பில் எதுவும் இல்லை.

புதிய தொடர் ஐந்தாவது புத்தகத்தைத் தொட இன்னும் சில வருஷங்களாவது ஆகும். நேரம் தாராளமாகக் கிடைக்கும் என்பதால், இந்த முறை அந்த வார்டுக்குள் கேமரா போகும் என்று நம்புகிறேன். அந்த அம்மாவாக யார் நடிப்பார் என்று இப்போதே அவ்வப்போது யோசிக்கிறேன்.

லிஸ்ட்டை 5.50-க்கு அனுப்பினேன், காகிதத்தை முதலிடத்துக்கு மாற்றி. "பீவ்ஸைத்தானே எல்லாரும் தேடுவாங்க? அதை ஏன் கீழ கொண்டு போனே?" என்று கேட்டார் சீனியர். இரண்டையும் இடம் மாற்றிப் பப்ளிஷ் செய்தார். நான் எதுவும் சொல்லவில்லை. ஏழாவதாக இருக்கிறது, ஸ்க்ரோல் செய்தால் வரும்.