கடுகண்ணாவைச் சரிவில் புதிய சாரதி

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியில், மாவனல்லையைக் கடந்தபின் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குகிறது. பயிற்சிப் பள்ளியில் வெற்று லொறி ஓட்டி அனுமதிப்பத்திரம் பெற்ற இளைஞன், முதல் வேலையை ஏற்குமுன் இவ்வழியில் ஒருமுறையேனும் அனுபவசாலியின் பக்கத்தில் அமர்ந்து சென்று வருதல் நன்று. ஏறுவதன்று, பாரத்துடன் இறங்குவதே சோதனை. பிரேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடியை இழந்துவிடும். பிறகு வண்டியை நிறுத்துவார் யார்? சரிவு தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாறி, இயந்திரத்தைக் கொண்டே வேகத்தை அடக்க வேண்டும். இறங்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றிருப்பது பேராபத்து.

உச்சியில் நிற்கும் வெண்கோபுரம், இவ்வீதியை அமைக்க உழைத்து 1829இல் மறைந்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்டது. சற்றுக் கீழே, அக்காலத்தில் குடைந்த பாறை வாயில் இன்றைய வீதியோரம் இருக்கிறது. பயணிகள் கோபுரத்தை அண்ணாந்து நோக்கட்டும். கொழும்புக்கு இறங்கும் சாரதிக்கோ, கை கியரில் இருக்கவேண்டிய இடம் அது.