வயிற்றெரிச்சல்

தமிழில் வயிறு என்பது சாப்பாட்டுக்கு மட்டுமான உறுப்பல்ல. பயம் வந்தால் வயிற்றில் புளி கரைகிறது. நல்ல செய்தி வந்தால் வயிற்றில் பால் வார்க்கப்படுகிறது. ஒருவனது பிழைப்பைக் கெடுத்தால் அவனுடைய வயிற்றில் அடித்துவிட்டோம் என்கிறோம். பக்கத்து வளவுக்காரன் கல்வீடு கட்டினால் நமக்கு வருவது வயிற்றெரிச்சல். அநியாயம் செய்யப்பட்ட ஒருவர் வயிறெரிந்து சொன்ன சொல் பலிக்கும் என்று அஞ்சுகிறவர்கள் ஊரில் இன்றும் உண்டு. மனத்தில் நடப்பவற்றையெல்லாம் நாம் வயிற்றில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம்.

மொழிக்கு இது அழகுதான். ஆனால், ஒரு மனிதனுக்கு உண்மையாகவே வயிறு எரியத் தொடங்கினால் இந்த அழகு அவனுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. காய்ச்சல்காரனிடம் எவரும் அவனது குணநலனை விசாரிப்பதில்லை. கால் முறிந்தவனிடம் கடன் எவ்வளவு என்று கேட்பதில்லை. வயிற்றுநோய்க்காரனிடம் மட்டும் எல்லாவற்றையும் கேட்பார்கள். நேரத்துக்குச் சாப்பிடுவதில்லையா? கொச்சிக்காய் கூடவா? என்ன அப்படி யோசனை? கேட்டு முடிக்கும்போது நோய்க்குக் காரணம் நோயாளிதான் என்ற தீர்ப்பும் வந்துவிடும்.

என் வாப்பா அப்படி விசாரிக்கப்பட்ட ஒருவர். வயல் செய்தார். போகம் பிழைத்தால் கடன், விளைந்தால் அந்தக் கடனுக்கு நெல் என்று காலத்தைத் தள்ளியவர். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவரது தலைமாட்டில் வெள்ளை மருந்துப் போத்தல் ஒன்று இருக்கும். நடுச்சாமத்தில் எழும்பி, அடிவயிற்றுக்கு மேலே கையை அழுத்திக்கொண்டு, இரண்டு பிஸ்கட்டைத் தண்ணீரில் தோய்த்துத் தின்பார். தின்றால் சற்று அடங்கும். பின்னர் மறுபடியும் தொடங்கும். உம்மா கறிக்குக் கொச்சிக்காய் போடுவதை நிறுத்தி, எல்லோருக்கும் பாற்சொதிதான் என்றாக்கினா. நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு அவரது முகத்தைப் பார்க்க ஏலாது. "நோம்பை விட்டால் என்ன காக்கா?" என்று சிலர் கேட்டார்கள். "கடன் யோசினதான் ஆளத் தின்னுது" என்று வேறு சிலர் அவர் காதுபடவே சொன்னார்கள். காட்டிய வைத்தியர்களும் ஏறத்தாழ இதையேதான் சொன்னார்கள்: காரம் வேண்டாம், யோசிக்க வேண்டாம்.

"யோசின இல்லாத மனிசன் எங்க மனே இருக்கான்?" என்று வாப்பா ஒருநாள் என்னிடம் கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வியல்ல அது.

1996இல், நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஓர் இரவு அவர் கோப்பித்தூளைக் கரைத்தது போல வாந்தி எடுத்தார். இரவில் வாகனம் ஓடாத காலம் அது. விடியும்வரை வீட்டில் வைத்திருந்து, விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டாம் நாள் மௌத்தானார். மையித்து வீட்டிலும் அந்தப் பேச்சு ஓயவில்லை. யோசித்து யோசித்தே போய்விட்டார் என்றார்கள்.

ஒன்பது வருடங்கள் கழித்து, 2005 ஒக்டோபரில், நான் ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்றுகொண்டிருந்தபோது, வாசிகசாலைப் பத்திரிகையில் அவ்வருடத்துக்கான மருத்துவ நோபல் பரிசுச் செய்தியைப் படித்தேன். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரைச் சேர்ந்த ரொபின் வொரன், பெரி மார்ஷல் என்ற இருவருக்குப் பரிசு. இரைப்பை அழற்சிக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் ஒரு பற்றீரியா காரணமாகிறது என்று கண்டுபிடித்ததற்காக. அந்தச் செய்தியை நான் பலமுறை படித்தேன். அதன் பின்னர் இந்த விடயம் பற்றிக் கையில் கிடைத்தவற்றையெல்லாம் படித்து வருகிறேன்.

படிக்கப் படிக்கத் தெரிந்தது, எங்கள் ஊர்க்காரர்கள் சொன்னது வெறும் ஊர்க்கதையல்ல என்பதுதான். மேற்கின் மருத்துவமும் அதையே நம்பியிருந்தது. 1910இல் ஷ்வார்ஸ் என்ற வைத்தியர், அமிலம் இல்லையேல் புண் இல்லை என்று ஒரு விதியைச் சொன்னார். 1915இல் அமெரிக்க வைத்தியர் சிப்பி, மணித்தியாலத்துக்கொரு தடவை பாலும் பாலாடையும் கொடுக்கும் பத்தியத்தை வகுத்தார். அது பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. அமிலம் ஏன் கூடுகிறது என்ற கேள்விக்கு மனஅழுத்தம், அவசர வாழ்க்கை, காரம் என்ற பதில்கள் தயாராக இருந்தன. பத்தியத்துக்கு அடங்காதவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றினார்கள். 1976இல் அமிலத்தைக் குறைக்கும் சிமெற்றிடின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியதில் முதன்மையானவரான ஜேம்ஸ் பிளக்கும் பின்னர் நோபல் பரிசு பெற்றார். மாத்திரையைக் குடிக்கும்வரை புண் ஆறும். நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வரும். ஆகவே நோயாளி ஆயுள் முழுவதும் வாடிக்கையாளர் ஆனார்.

வொரன் ஒரு நோயியல் வைத்தியர். 1979இல், இரைப்பையிலிருந்து எடுத்த இழையத் துண்டு ஒன்றை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அதன் மேற்பரப்பில் வளைந்த சிறு பற்றீரியாக்கள் ஒட்டியிருப்பதைக் கண்டார். இரைப்பை அமிலத்தில் எதுவும் உயிர்வாழாது என்பது அக்காலப் பாடம். அவர் பாடத்தை நம்பாமல் கண்ணை நம்பினார். 1981இல் இளம் வைத்தியரான மார்ஷல் அவருடன் சேர்ந்துகொண்டார். இருவருமாக நூறு நோயாளிகளின் இழையங்களை ஆராய்ந்தனர். ஆனால், அந்தக் கிருமியை வளர்ப்பூடகத்தில் வளர்க்க முடியவில்லை. இரண்டு நாட்களில் எதுவும் முளைக்காவிட்டால் தட்டுகளை எறிந்துவிடுவது ஆய்வுகூட வழக்கம். 1982இல் ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் எறியப்படாமல் கிடந்துவிட்டன. விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் உயிரி அது. அதற்குத் தேவைப்பட்டது மேலதிகமாகச் சில நாட்கள் மாத்திரமே.

எனினும் மருத்துவ உலகம் நம்பவில்லை. 1983இல் மார்ஷல் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தை அவரது நாட்டு மாநாடே ஏற்கவில்லை. 1984இல் அவர் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் தொடங்கின. இரண்டாவது வாரத்தில் எண்டொஸ்கொப்பி செய்து பார்த்தபோது, சுகமாக இருந்த அவரது இரைப்பை அழற்சியுற்றிருந்தது. அங்கே அதே கிருமி இருந்தது. அவருக்குப் புண் வரவில்லை, அழற்சிதான் வந்தது. ஆனால், யோசனை எதுவும் இல்லாத ஓர் இரைப்பையையும் கிருமி கெடுக்கும் என்பதற்கு அது போதுமாக இருந்தது. அவ்வருடமே இருவரதும் கட்டுரை 'லான்செட்' சஞ்சிகையில் வெளிவந்தது. 1989இல் அந்தக் கிருமி ஹெலிகொபக்டர் பைலோரி என்று இன்றைய பெயரைப் பெற்றது.

இவர்களுக்கு முன்னரே ஒருவர் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கிரேக்க நாட்டின் மிசோலோங்கி என்ற சிற்றூரில் வைத்தியம் செய்த ஜோன் லைகூடிஸ், 1958 முதலே புண் நோயாளிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கொடுத்துக் குணப்படுத்தி வந்தார். அவரது கட்டுரையை எந்தச் சஞ்சிகையும் ஏற்கவில்லை. 1968இல் அவருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. 1980இல், பேர்த் நகரின் செய்தி உலகுக்குத் தெரியுமுன்னரே, அவர் இறந்துபோனார். சிற்றூர்க்காரன் சொன்னால் அறிவு அம்பலம் ஏறாது என்பது நமக்கு மட்டுமான அனுபவம் அல்ல போலும்.

அமிலத்துக்குள் அந்தக் கிருமி எப்படி வாழ்கிறது என்பதைப் பத்தாம் தரப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் கண்ணை இமைக்காமல் கேட்பார்கள். அதனிடம் யூரியேசு என்ற நொதியம் இருக்கிறது. இரைப்பையிலுள்ள யூரியாவை அது அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் உடைக்கிறது. அமோனியா அமிலத்தை நடுநிலையாக்குகிறது. இப்படித் தன்னைச் சுற்றி அமிலமற்ற சிறு கூடு ஒன்றை அமைத்துக்கொண்டு, சீதப்படைக்குள் துளைத்துச் சென்று கிருமி குடியிருக்கிறது.

அது தப்பிப் பிழைக்கும் அந்த வழியாலேயே அதைப் பிடிக்கவும் செய்கிறார்கள். காபன்-13 சமதானி கலந்த யூரியாவை நோயாளி குடிக்க வேண்டும். அது கதிர்த்தொழிற்பாடு அற்றது. சுமார் அரை மணித்தியாலம் கழித்து ஒரு பைக்குள் ஊத வேண்டும். ஊதிய காற்றில் காபன்-13 கொண்ட காபனீரொட்சைட்டு கூடியிருந்தால் வயிற்றில் கிருமி இருக்கிறது. குழாய் விழுங்கத் தேவையில்லை. மலத்தைச் சோதித்தும் கண்டுபிடிக்கலாம். ஆனால், அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து குடிப்பவருக்கு இந்தச் சோதனைகள் பிழையான விடையைக் காட்டக்கூடும். இரண்டு வாரங்களுக்கு முன்னரே, வைத்தியரைக் கேட்டு அவற்றை நிறுத்தவேண்டும். சீட்டில்லாமல் பாமசியில் மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு எரிவு அடங்கும். காரணம் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

சிகிச்சையும் மாறிவிட்டது. கிளரித்ரோமைசின் என்ற மருந்து பல நாடுகளில் முன்னர் போல வேலை செய்வதில்லை. கிருமி அதற்குப் பழகிக்கொண்டது. ஆகவே 2024இல் அமெரிக்கக் குடல்நோய் வைத்தியர்களின் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டல், பிஸ்மத் உட்பட நான்கு மருந்துகளைப் பதினான்கு நாட்கள் கொடுப்பதையே முதல் தெரிவாகச் சொல்கிறது. ஏழாம் நாள் சுகம் கண்டு நிறுத்துகிறவர் கிருமிக்குத்தான் பாடம் படிப்பிக்கிறார். முடித்து ஒரு மாதமாவது சென்றபின் மறுபடி சோதித்து, கிருமி போய்விட்டதா என்று உறுதிப்படுத்த வேண்டும்.

இக்கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1994இலேயே அறிவித்தது. தாய்வான் நிருவாகத்திலுள்ள மாட்சு தீவுகளில் அந்நோய் அதிகம். 2004 முதல் அங்கே வளர்ந்தவர்களை ஊதச் செய்து சோதித்து, கிருமி உள்ளவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய் ஏற்படும் வீதம் பாதிக்கும் மேல் குறைந்ததாக 2021இல் முடிவை வெளியிட்டார்கள்.

எல்லா வயிற்று நோவுக்கும் இந்தக் கிருமிதான் காரணம் என்றால் அது இன்னொரு ஊர்க்கதையாகிவிடும். நமது நாட்டில் செய்யப்பட்ட ஆய்வுகளில், அயலிலுள்ள பல நாடுகளைவிடக் குறைந்த வீதத்தினரிடமே அது காணப்பட்டிருக்கிறது. மூட்டு நோவுக்கும் முதுகு நோவுக்கும் குடிக்கும் டைக்குளோபெனக், இபுப்ரோபென், அஸ்பிரின் போன்றவை புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம். வெறுவயிற்றில் அவற்றை விழுங்கிக்கொண்டு வயலுக்குப் போகிறவர்களை நான் தினமும் காண்கிறேன். புண்ணோ கிருமியோ எதுவுமே காணப்படாத வயிற்று நோவும் உண்டு. 2016இல் உலக நிபுணர்கள் கூடி, அவ்வகை நோய்களைக் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பின் கோளாறுகள் என்று வகுத்தார்கள். குடலுக்கென்றே ஒரு நரம்பு வலை இருக்கிறது. மூளையும் குடலும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. வயிற்றில் புளி கரைகிறது என்ற நம் முன்னோர் முழுப்பிழையாக எதுவும் சொல்லவில்லை. ஆனால், தொடர்பு என்பது வேறு, குற்றம் என்பது வேறு. அந்நோயாளியின் நோவும் மெய்யான நோவுதான். அவருக்கும் மருந்து உண்டு.

வாப்பாவின் வயிற்றில் இருந்தது எது என்று இனிச் சொல்ல ஏலாது. எவரும் குழாய் விட்டுப் பார்க்கவில்லை. ஊதிக் காட்டச் சொல்லவில்லை. புண் நோயாளிகளிடம் கிருமி இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய நிபுணர் குழு முடிவுசெய்தது 1994இல். அவர் மௌத்தானது 1996இல். இடையிலே இரண்டு வருடங்கள், ஒரு கடல், ஒரு யுத்தம். நான் எவரையும் குற்றம் சொல்லவில்லை. அவரை எவரும் குற்றம் சொல்லக்கூடாது என்பதுதான் எனது வழக்கு.

சென்ற வருடம் எங்கள் பாடசாலையில் ஒரு மாணவியின் உம்மா, இரண்டு மாதங்களாக வயிறு எரிகிறது, மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னா. மகளின் கலியாண யோசனையில்தான் இப்படி என்று வீட்டில் சொல்கிறார்களாம். கறுப்பு மலம் யோசனையால் வராது, அது உள்ளே இரத்தம் போவதன் அடையாளமாக இருக்கலாம் என்று சொல்லி, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வைத்தேன். எண்டொஸ்கொப்பியில் முன்சிறுகுடலில் புண் இருந்தது, கிருமியும் இருந்தது. பதினான்கு நாள் மருந்தும் அதன் பின்னர் மறுசோதனையும் முடிந்து, சோறும் மீன்கறியும் சாப்பிடுகிறா.

மருந்து முடிந்த பின்னர் என்னைக் கண்டபோது அவ கேட்டது ஒரே கேள்வி: "அப்ப சேர், இது என்ட பிழையால வந்த வருத்தம் இல்லையா?"

இல்லை என்றேன்.